கறிவேப்பிலைக்கு ஒரு குளிர்காலம்

"கறிவேப்பிலையைப் போலப் பாவித்துவிட்டு எறிந்துவிட்டார்கள்" என்று மனக்குறை சொல்வது எமது வழக்கம். அந்த வழக்கை உண்டாக்கியவரின் கிணற்றடியில் கறிவேப்பிலை மரம் கேட்பாரற்று வளர்ந்திருக்க வேண்டும். செவன் கிங்ஸ் நிலையத்தில் இறங்கி, எமது கடையொன்றில் சிறு பையில் அடைத்த சில காம்புகளுக்குப் பவுண் கணக்கில் பணம் கொடுத்து வீடு திரும்பும் எவரும் அந்த இலையை எறிபொருளாகக் கருதமாட்டார்.

செப்ரெம்பர் கடைசி வாரம் வந்துவிட்டது. இந்தப் பகுதியில் எம்மவர் வாழும் வீடுகளின் பின்வளவுகளில் கோடை முழுவதும் செழித்து நின்ற கறிவேப்பிலையும் மல்லிகையும் துளசியும் கற்பூரவள்ளியும் இன்னமும் வெளியிலேயே நிற்கின்றன. பகல் வெயிலைப் பார்த்து ஏமாறுகிறோம். வெப்பநாட்டுச் செடிக்குப் பகலைவிட இரவே முக்கியமானது. இரவு வெப்பம் பத்துப் பாகை செல்சியஸை நெருங்கும்போதே கறிவேப்பிலையின் வேர் வேலையைக் குறைத்துவிடுகிறது. உறைபனி ஒரே இரவு விழுந்தாலும் இளஞ்செடி கருகிவிடும். கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளும் ஒக்ரோபர் இறுதி ஞாயிறு வரை காத்திருப்பவர்கள் பெரும்பாலும் காலம் பிந்திவிட்டவர்களே.

ஆயினும், எமது வீடுகளில் செடிகள் குளிரினால் இறப்பதைவிட எமது அன்பினால் இறப்பதே அதிகம் என்பது எனது துணிபு. இதனை அனுபவத்தாலேயே சொல்கிறேன். 1994 ஆம் ஆண்டு, வாடகை அறையொன்றில் இருந்த காலத்தில், எனக்குக் கிடைத்த முதலாவது கறிவேப்பிலைக் கன்றை வெப்பமூட்டிக்கு நேர்மேலே யன்னற்படியில் வைத்தேன். குளிரில் வாடுகிறதே என்று நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். இலை உதிர்ந்தது. தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றினேன். தைப்பொங்கலுக்கு முன்னரே அது போய்விட்டது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் அழுகிச் சேறாகியிருந்தன.

டிசெம்பர் 21 ஆம் திகதியளவில் இலண்டனில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. ஒளி இல்லாதவிடத்துச் செடி உண்பதில்லை. உண்ணாத செடி குடிப்பதுமில்லை. ஆகவே மாரியில் அதற்கு நாம் செய்யத்தக்க பேருதவி, பெரும்பாலும் எதுவும் செய்யாமல் விடுவதுதான். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மாத்திரம் குளிர் முறிந்த நீரைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கும் நீரை ஊற்றிவிட வேண்டும். பசளை வேண்டவே வேண்டாம். தெற்கு நோக்கிய யன்னலே சிறந்தது. இப்பகுதியின் பழைய வீடுகளின் முன்னறையில் வெளியே புடைத்து நிற்கும் யன்னல் இதற்கென்றே கட்டியதைப் போல் இருக்கிறது. இரவில் திரைச்சீலையை இழுக்கும்போது சாடி கண்ணாடிக்கும் சீலைக்கும் நடுவே அகப்பட்டுவிடக் கூடாது. அந்த இடைவெளியின் குளிர் பொல்லாதது. உள்ளே கொண்டுவரும்போதே இலையின் அடிப்புறத்தையும் தண்டையும் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் செதிற்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் உடன் குடிவராமல் தடுக்கலாம்.

சனவரியில் இலை முழுவதும் உதிர்ந்து வெறுந்தடியாக நின்றாலும் குப்பைத் தொட்டியைத் தேட வேண்டாம். நகத்தால் பட்டையைச் சற்றே சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

கற்பூரவள்ளிக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு கொப்பை முறித்துச் சிறு பேணியில் நட்டால் விரைவில் வேர்விட்டுவிடும். பெரிய சாடியைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. துளசிக்கு விதை எடுத்து வைப்பதே புத்தி. ரம்பைதான் எல்லாவற்றிலும் பிடிவாதக்காரி. வெதுவெதுப்பும் ஈரமும் ஒருங்கே வேண்டும் என்பாள். புதினா வெளியே கிடக்கட்டும். மேலே கருகினாலும் அடியிலிருந்து வசந்தத்தில் தானே எழும்பும். மேலும் ஓர் எச்சரிக்கை: இங்குள்ள தோட்டக் கடைகளில் கறிச்செடி என்ற பெயரில் விற்கப்படும் சாம்பல்நிற இலைச் செடி எமது கறிவேப்பிலை அன்று. அது மத்தியதரைக் கடற்கரைச் செடி. மணத்தினால் பெயர் பெற்றது. அதனை வாங்கித் தாளித்து ஏமாந்தவர்கள் பலர்.

"மனிதருக்கே வெப்பமூட்டக் காசில்லை, செடிக்கு வேறா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 2022 ஒக்ரோபரில் சராசரி வீடொன்றின் எரிசக்திச் செலவு ஆண்டுக்கு 2,500 பவுண் என்ற அளவில் அரசு மட்டுப்படுத்தியபோதே எம்மவர் பலர் வெப்பமூட்டியை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருந்தனர். அவ்வாண்டு டிசெம்பர் நடுப்பகுதியில் நாட்கணக்கில் இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்கின. கறிவேப்பிலைக்குத் தனி வெப்பம் தேவையில்லை. பதின்மூன்று பாகை போதும். ஒரு குழந்தை நடுங்காமல் உறங்கக்கூடிய அறையில் அதுவும் பிழைத்துக்கொள்ளும். அவ்வளவு வெப்பமும் இல்லாத அறையில் எவரேனும் குடியிருக்கிறார் என்றால், அங்கே முதலில் கவலைப்பட வேண்டியது செடியைப் பற்றியன்று.

செடியின் தட்டுப்பாட்டினால் சிலர் ஊருக்குப் போய்வரும்போது வேரோடு கன்றைச் சீலைக்குள் சுற்றிப் பயணப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகின்றனர். இதனை நான் நியாயப்படுத்த மாட்டேன். கறிவேப்பிலை, தோடை, தேசி யாவும் ஒரே குடும்பத்தவை. தோடை மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயைக் காவும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்கிறது. அந்நோய் 2005 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறியப்பட்டது. அதற்குப் பின்னர், புயல்களும் சேர்ந்துகொள்ள, அங்கு தோடம்பழ விளைச்சல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது. நோயுற்ற மரத்துக்கு மருந்தில்லை. தாவரச் சுகாதாரச் சான்றிதழின்றிச் செடிகளைக் கொண்டுவருவதைச் சட்டம் தடுப்பது எம்மை வருத்துவதற்காக அன்று. ஸ்பெயினில் தோடந்தோட்டம் வைத்திருப்பவனும் எம்மைப்போல ஒரு கமக்காரன்தான்.

அவ்வாறாயின் செடி எங்கிருந்து வருவது? இங்கேயே இருந்து வர வேண்டும். வளர்ந்த கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்றுகளை எழுப்பும். கோடையின் தொடக்கத்தில் அவற்றை வேரோடு பிரித்துச் சிறு சாடியில் நடலாம். எமது வீடுகளில் இக்கன்றுகளைப் பிடுங்கி எறிபவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் "கண்பட்டு மரம் பட்டுவிடும்" என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தாருக்கு அருகிலுள்ள ஒரு சங்கதியைச் சொல்ல விரும்புகிறேன். இல்போர்ட்டில், எமக்கு நடைதூரத்தில், வலன்ரைன்ஸ் மாளிகை உள்ளது. 1758 இல் நடப்பட்டதாகச் சொல்லப்படும் கறுப்பு முந்திரிகைக் கொடியொன்று அங்கு இருந்தது. 1768 இல் தோட்டக்கலைஞர் லான்சலொட் பிரவுண் அதிலிருந்து ஒரு தண்டை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டுபோய் நட்டார். தாய்க்கொடி எப்போதோ அழிந்துவிட்டது. கொடுத்த தண்டு இன்றும் கண்ணாடி வீட்டினுள் பரந்து நின்று ஆண்டுதோறும் காய்க்கிறது. அன்று இல்போர்ட்டார் கண்பட்டுவிடும் என்று மறுத்திருந்தால் இன்று இரண்டு இடத்திலும் ஒன்றும் இராது.

அண்மையில் அகதி அந்தஸ்துக் கோரி வந்தவர்களையும் நினைக்க வேண்டும். சமைப்பதற்கு அடுப்பே இல்லாத விடுதி அறையில் இருப்பவருக்குக் கறிவேப்பிலைச் செடி எதற்கு என்று தோன்றலாம். 2024 சனவரியில் அவர்களுக்கு, உணவு வழங்கப்படாத தங்குமிடங்களில், கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ் என்று வகுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இலைக்குப் பணம் ஒதுக்குவது இலகுவன்று. அதைவிட, எந்த நாளில் எந்த நகரத்துக்கு மாற்றுவார்கள் என்று அறியாதவர் பெரிய சாடியை வைத்து என்ன செய்வார்? இலையெல்லாம் உதிர்ந்த செடியொன்றை யன்னற்படியில் விட்டுவிட்டு இரண்டு பைகளோடு போன ஓர் இளைஞனை நான் அறிவேன். கையில் எடுத்துக்கொண்டு பஸ்சில் ஏறக்கூடிய அளவுச் சிறு சாடிதான் அவர்களுக்கு ஏற்றது. ஊர் மாறினாலும் கூடவே போகும்; கொடுப்பவருக்கும் செலவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும், உறைபனி ஓய்ந்த மே இறுதியில், கன்று பகிரும் ஒரு காலைப்பொழுதை வைத்தாலென்ன என்பது எனது யோசனை. பிள்ளைகளின் பரிசளிப்பு விழாவில் பிளாஸ்ரிக் கேடயங்கள் குறைந்தாலும் குறையட்டும். அந்நேரத்தில் ஒன்றை மறவாது சொல்லிக் கொடுக்க வேண்டும்: மாரி முழுவதும் வீட்டினுள் இருந்த செடியை முதல் நாளே வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும்; ஒரு கிழமை நிழலில் பழக்க வேண்டும்.

என்னிடம் இவ்வருடம் பிரித்த மூன்று கன்றுகள் உள்ளன. ஒன்றுக்கு ஆள் வந்துவிட்டது. மற்ற இரண்டையும் நேற்று மாலை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.