எதிர்பாராத மருத்துவ பில்: சரிபார்க்காமல் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான எங்கள் சங்கம், எதிர்பாராத மருத்துவ பில்கள் குறித்த தன் நிலைப்பாட்டை இங்கே பதிவு செய்கிறது. மருத்துவமனை அனுப்பும் பில் முதலில் ஒரு கோரிக்கை. அதைச் சரிபார்ப்பதும், தவறு இருந்தால் மறுப்பதும் நோயாளியின் உரிமை. கடன்காரன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, பில் வந்த கையோடு கார்டைத் தேய்த்துவிடும் பழக்கம் நம்மவரிடம் அதிகம். அதை விட வேண்டும்.

2020 டிசம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. அவசர சிகிச்சைக்கு எந்த மருத்துவமனைக்கு ஓடினாலும், உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கும் மருத்துவமனையில் எந்தப் பங்கைக் கட்டுவீர்களோ அதை மட்டுமே உங்களிடம் வாங்கலாம். நெட்வொர்க் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்து, நீங்கள் முகம்கூடப் பார்க்காத மயக்க மருந்து மருத்துவரோ ஸ்கேன் பார்த்தவரோ நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தாலும் அப்படியே. அவர்கள் மிச்சத் தொகையை உங்களிடம் கேட்க முடியாது. உரிமையை விட்டுத்தரச் சொல்லிக் கையெழுத்தும் வாங்க முடியாது. வேறு சில மருத்துவர்கள் அப்படிக் கையெழுத்து கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அட்மிஷன் மேசையில் நீட்டப்படும் காகிதக் கட்டில் அந்தப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு இருந்தும் தவறான பில்கள் வருகின்றன. சட்டம் தெரிந்தவர் தப்புகிறார், தெரியாதவர் கட்டுகிறார். இந்த நிலையை நாங்கள் ஏற்கவில்லை. பில் சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று பார்த்து அனுப்பும் பொறுப்பு மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உரியது.

சட்டத்தில் பெரிய ஓட்டையும் உண்டு. ஹெலிகாப்டர் ஆம்புலன்சுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, சாலையில் வரும் ஆம்புலன்சுக்கு இல்லை. நம்மில் எத்தனை பேர் ஹெலிகாப்டரில் போகிறோம்? இதைச் சரிசெய்ய அரசு அமைத்த ஆலோசனைக் குழுவே பரிந்துரைத்துவிட்டது. கலிபோர்னியா 2024 முதல் தனிச் சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் பல, தங்கள் ஊழியர்களின் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்கும் திட்டங்களை நடத்துகின்றன. மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஐ.டி. வேலையில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவும் அந்தத் திட்டங்களில்தான் இருக்கின்றன. எனவே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்காக. அவர்களுக்கு நாம் எடுக்கும் பயணக் காப்பீடு இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது. விற்பவர்கள் அதை வாங்கும்போதே எளிய மொழியில் சொல்ல வேண்டும். திட்டமிட்ட சிகிச்சை என்றால், காப்பீடு இல்லாதவர்களுக்கும், காப்பீட்டைப் பயன்படுத்தாமல் கையிலிருந்து கட்டுபவர்களுக்கும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் தரும் கடமை மருத்துவமனைக்கு இருக்கிறது. இறுதி பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் 25 டாலர் கட்டி முறையிடலாம். முறையீடு முடியும்வரை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. அவசர சிகிச்சைக்கு முன்மதிப்பீடு கிடையாது என்பதால் பெற்றோர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது லாப நோக்கற்ற மருத்துவமனைகளில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்; முதல் பில் வந்து 240 நாட்கள் வரை அவர்கள் அதை ஏற்றாக வேண்டும். இந்த வழியை மருத்துவமனைகள் பில்லின் மூலையில் பொடி எழுத்தில் போடாமல் வாய்விட்டுச் சொல்லட்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். ‘இது பில் அல்ல’ என்ற குறிப்போடு இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்கு வரும்வரை பொறுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். இனவாரியான பில் கேளுங்கள். பொருந்தாவிட்டால் எழுத்தில் மறுப்புத் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1-800-985-3059 என்ற அரசு உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.