பழுது பார்ப்பார் அருகில் உண்டா?

சிரம்பானை அடுத்த துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் சாம்சங் எஸ்.டி.ஐ. ஆலை லித்தியம் பேட்டரிகளைச் செய்து உலகுக்கு அனுப்புகிறது. 2022 ஜூலையில் அங்கே இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோது, அதில் உற்பத்தியாகும் உருளை வடிவப் பேட்டரிகள் மின்கருவிகளுக்கும், மின்சார சைக்கிள் போன்ற சிறு வாகனங்களுக்கும், மின்கார்களுக்கும் உபயோகமாகும் என்று அறிவித்தார்கள். அதே நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் பக்கம், தானா மேரா தோட்டத்து நிலப்பரப்பிலுள்ள புக்கிட் நானாசில், நாட்டின் அபாயகரமான கழிவுகளை எரித்தும் கெட்டிப்படுத்தியும் புதைத்தும் வருகிற நிலையம் 1998 முதல் நடைபெறுகிறது. பேட்டரி பிறக்கும் இடமும் நச்சுப் பொருள்கள் போய் அடங்கும் இடமும் இவ்வாறு ஒரே சிறு மாநிலத்துக்குள் அமைந்திருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட காலம், அதாவது ஒரு பொருள் மனிதன் கையில் இருந்துகொண்டு உழைக்கிற காலம், எவ்வளவு நீளும் என்பதை நிர்ணயிக்கிற அதிகாரம் பெரும்பாலும் வாங்குபவரிடமே இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் நம் மக்களும், தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த மக்களும் விவேகத்தோடு செலுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மடிக்கணினியோ மோட்டார் சைக்கிளோ வாங்கப் போகும் குடும்பத்திடம் கடைக்காரர் பேசுகிற பேச்சில் விலை இருக்கும், மாதத் தவணை இருக்கும், புது மாடல் என்ற பெருமையும் இருக்கும். அது பழுதானால் யார் திறந்து பார்ப்பார், உதிரிப் பாகம் எந்த ஊரில் கிடைக்கும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விஷயம் மட்டும் இராது. என் அபிப்பிராயத்தில் முதல் கேள்வியாக நிற்க வேண்டியது இதுதான். பகாவ் வட்டாரத்தில் வசிக்கும் தொழிலாளிக்குச் சிரம்பான் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கே ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து, மறுபடி சென்று வாங்கி வருவதற்குள் இரண்டு நாள் வேலை கெட்டுவிடும். பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மலிவான பழைய பொருளும் நெடுநாள் உழைக்கும். அவர் இல்லாவிட்டால் புத்தம் புதிய பொருளும் ஓராண்டில் அலமாரிக்கு மேல் ஏறிவிடும்.

நம் பாட்டன்மார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பால்வெட்டுக்குப் போனவர் கத்தியைத் தீட்டாமல் போனதில்லை. பால் வாளிகளைச் சுமந்த சைக்கிளின் செயினையும் கம்பிகளையும் லயத்து வாசலிலேயே பிரித்து மாட்டினார்கள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, நாடு முழுவதும் கப்சாய் என்றழைக்கும் ஹோண்டா சி70, இஎக்ஸ்5 போன்ற வண்டிகள் தோட்டத்து வாழ்வில் வேரூன்றியதற்கு அவற்றின் வேகமோ அழகோ காரணமல்ல. ஸ்பார்க் பிளக்கும் செயினும் பிரேக் கட்டையும் லிங்கியிலும் ரந்தாவிலும் கோலா பிலாவிலும் கிடைத்தன, அவற்றை மாற்றத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவராவது இருந்தார் என்பதே காரணம்.

மடிக்கணினி நம் வீடுகளுக்கு அவசரத்தில் வந்த பொருள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலாகிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, அப்பாவின் ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் படித்த துயரத்தை எந்தத் தோட்டத்துத் தாயும் மறந்திருக்க மாட்டாள். அரசாங்கம் செர்டிக் என்ற திட்டத்தில் 500 பள்ளிகளின் மாணவர்களுக்கென 150,000 கணினிகளை அறிவித்தது. அது நற்செயலே என்றாலும், எல்லாப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய எண்ணிக்கை அல்ல. மிஞ்சியவர்கள் தவணையில் வாங்கினார்கள், அதிலும் பலர் மிகக் குறைந்த விலையுள்ள புதுக் கணினிகளை வாங்கினார்கள். அவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டிவைக்கப்பட்டிருந்தது, சேமிப்பகத்தைக் கூட்ட வழியில்லை, கீல் உடைந்தால் மாற்றுக் கீல் இல்லை.

அதே பணத்துக்கு, அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு உபயோகித்துக் கழித்த திங்க்பேட், லாட்டிடியூட் வகைக் கணினிகள் கிடைக்கின்றன. இவை பழுது பார்க்கப்படும் என்ற உத்தேசத்தோடு செய்யப்பட்டவை: அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி, சேமிப்பகம், விசிறி ஆகியவை தனித்தனியே கையில் வரும், பல மாதிரிகளில் நினைவகத்தையும் மாற்றலாம். வாங்கும்போது கணினியை மூடிச் சமமான மேசைமேல் வையுங்கள். அடிப்பாகம் ஆடினாலோ, திறந்தபின் விரலால் தடவும் பலகை சற்றே மேலெழும்பி நின்றாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று கொண்டு அதை விட்டுவிடுங்கள். விண்டோஸ் கணினி தன் பேட்டரியின் ஆரம்பக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் பக்கம் பக்கமாகக் காட்டும் அறிக்கை ஒன்றைத் தானே எழுதித் தரும். அதைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். 50,000 மில்லிவாட் மணி என்று பிறந்த பேட்டரி இன்று 40,000 காட்டினால் திருப்தி. 20,000 காட்டினால் புதுப் பேட்டரியின் விலையைப் பேரத்தில் கழித்துக் கேட்பது நியாயம்.

மற்றொரு விஷயம் சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் பொதுவாக நின்றுவிட்டது. ஏறத்தாழ 2018க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. ஆகவே நன்றாக ஓடுகிற இயந்திரங்கள் சொற்ப விலைக்குச் சந்தையில் குவிகின்றன. அவற்றில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் உலாவியிலேயே திறக்கும். தமிழ் தட்டச்சும் வரும். 1980களில் இதே மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியபோது இருந்த இயந்திரங்களோடு ஒப்பிட்டால், இன்று நாம் கழிவென்று தள்ளுகிற கணினி பிரம்மாண்டமான ஆற்றலுடையது. தொடக்கப்பள்ளி மாணவனுக்கு அது போதாது என்று சொல்பவர் வாதத்தை நான் ஏற்பதற்கில்லை.

உற்பத்தியாளர்களே வெளியிடும் கணக்குகளின்படி, ஒரு மடிக்கணினியின் ஆயுளில் வெளியாகும் கரிவாயுவின் பெரும்பகுதி, அது முதல்முறை மின்சாரத்தில் செருகப்படுவதற்கு முன்பே, உற்பத்தியின்போதே வெளியாகிவிடுகிறது. 2022இல் உலகம் 62 மில்லியன் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உண்டு என்றும் ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பழைய கணினியின் ஆயுளை மேலும் நான்கு ஆண்டு நீட்டுகிற ஏழைக் குடும்பம், சிக்கனத்துக்காகச் செய்கிற காரியத்தாலேயே உலகுக்கும் உபகாரம் செய்கிறது.

மின்சார மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2024 வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு 2,400 வெள்ளி வரை தள்ளுபடி அறிவித்தார்கள். அதைக் கேட்டுப் பல இளைஞர்கள் கப்சாயை விற்றுவிடலாமா என்று யோசித்தார்கள். கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கப்சாய், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால், 400 மில்லி பெட்ரோல் குடிக்கும். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்குக் கிடைக்கிற 1 வெள்ளி 99 சென் விலையில் அது 80 சென். அதே தூரத்துக்கு மின்வண்டிக்கு 25, 30 சென் மின்சாரம் ஆகும். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தாலும், எரிபொருளில் மிச்சமாவது ஆண்டுக்கு 200 வெள்ளியை எட்டாது. எஞ்சின் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்பதையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு லித்தியம் பேட்டரி தேய்ந்துபோனால் அதை மாற்ற ஆயிரம் வெள்ளிக்கு மேல் வேண்டும்.

இதோடு தோட்டத்துப் பாதையையும் எண்ண வேண்டும். விடிவதற்கு முன் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கிளம்பி, நீளமான அலுமினியக் கம்பையும் அரிவாளையும் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, மழையில் ஊறிய செம்மண் மேட்டில் ஏறுகிற வண்டி, விளம்பரத்தில் சொல்கிற தூரத்தை ஒருபோதும் ஓடாது. லயத்து வீட்டின் பழைய மின்கம்பிகளில், ஒரே செருகியிலிருந்து நீட்டுக்கம்பி இழுத்து இரவெல்லாம் பேட்டரிக்கு மின்னூட்டுவதில் உயிராபத்து இருக்கிறது. படுக்கும் அறையில் அதைச் செய்யவே கூடாது.

ஆகையால் என் முடிவு இது: சிரம்பானிலோ நீலாயிலோ நாள்தோறும் 80, 100 கிலோமீட்டர் ஓடி உணவும் பார்சலும் கொண்டு சேர்க்கிற இளைஞனுக்கு, வண்டி வாங்கிய கடையே பக்கத்தில் பழுதும் பார்த்துக் கொடுக்குமானால், மின்வண்டி இன்றே லாபம். தோட்டத்துக்குள் ஓடுகிறவர், தம் கப்சாய் உண்மையாகவே முடிவுக்கு வரும் வரை அதைச் செப்பனிட்டு ஓட்டட்டும். யார் வாங்கினாலும், அந்த வண்டியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்து நம்பர் பலகை மாட்ட முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர் முதலான சில சிறு வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்டுவதை 2021 டிசம்பர் விதிகள் தடை செய்திருக்கின்றன, அதை அறியாமல் இணையத்தில் வாங்கியவர்கள் வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள்.

சட்டமும் நம் பக்கம் ஒரு வாசகத்தை வைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்கச் செய்வது உற்பத்தியாளரும் விற்பவரும் தரும் உத்தரவாதமாகக் கருதப்படும். அந்த வசதி கிடையாது என்று வாங்குமுன்னரே நமக்குத் தெரிவித்திருந்தால் மட்டுமே அவர்கள் விலக முடியும். இதில் குறை ஏற்பட்டால், 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வைக்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்தாத வழக்கத்தை நாம் இன்றே விட வேண்டும்.

உழைத்து ஓய்ந்த பேட்டரியைச் செம்பனை வாய்க்காலிலோ குப்பைக் குழியிலோ எறிவது பெரும் பாவம். ஈய அமில பேட்டரி, லித்தியம் பேட்டரி, மின்னணுச் சாதனக் கழிவு ஆகிய மூன்றையும் 2005ஆம் ஆண்டு விதிகள் அட்டவணைக் கழிவுகளில் சேர்த்திருப்பது, ஈயமும் நச்சு உப்புக்களும் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும் என்ற காரணத்தால்தான். வாங்கிய கடையிலோ உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமோ அதை ஒப்படையுங்கள். ஈய பேட்டரிக்குப் பணமும் கிடைக்கும்.

தனி மனிதரால் இவ்வளவும் ஆகாது என்பது வாஸ்தவம். 1960இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். தோட்டத்தையே வாங்க முடிந்த சமூகத்தால், ஒரு மேசையும் திருப்புளிப் பெட்டியும் மின்னளவு கருவியும் கொண்ட பழுது அறை ஒன்றை நிறுவ முடியாதா? நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அறையாவது ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் மின்னணு வேலை பார்ப்பவர்களிலும், போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் பயில்பவர்களிலும் இப்பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் உண்டு. பள்ளி வாரியங்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மாதம் ஒரு ஞாயிறு அந்த அறையைத் திறந்து விடுங்கள். முன்னாள் மாணவர்களே, நீங்கள் படித்த பள்ளிக்கு உங்கள் திருப்புளிப் பெட்டியோடு வாருங்கள். உங்கள் பக்கத்தில் இரண்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.