இரண்டாந் தரம்

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் நம்மூரில் எல்லார் வாயிலும் ஒரே வினாத்தான்: "கிடைச்சதோ?" எதை விரும்பினாய், எவ்விடத்தில் இடறினாய் என்று கேட்பார் அரியர். கிடைத்தவர் கெட்டிக்காரர், கிடையாதவர் அல்லர். மக்களை இருகூறாக்குவதற்கு இத்துணை எளிய வழி வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ் கற்ற பெண்ணொருத்தி தாயாருடன் என் வீட்டுக்கு வந்தாள். உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவிலே தோற்றித் தாதியியற் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். மிகச் சிறிய புள்ளி வேறுபாட்டில் இடம் தவறிவிட்டது. "ஐயா, இன்னொருக்கா எழுதட்டோ?" என்று கேட்டாள். தாயாரின் முகத்தைப் பார்த்தேன். வீட்டு நிலையை நினைத்தேன். "கிடையாததை விட்டுவிடு பிள்ளை, கிடைத்ததைப் பிடித்துக்கொள்" என்றேன். அவள் என் சொல்லைக் கேட்டாள். இன்று ஓரிடத்திற் கணக்கெழுதுகிறாள், நன்றாகவே எழுதுகிறாள். ஆயினும், அயலில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு கிழவர் தடுக்கி விழுந்தால், சனங்கள் தட்டுவது அவள் வீட்டுப் படலையைத்தான். அவ்வழியாற் போகும்போதெல்லாம் என் சொல் என்னையே உறுத்தும்.

இவ்வாண்டு இன்னொரு மாணவி அதே வினாவோடு வந்தாள். அவளுக்கு நான் கூறிய மறுமொழியே இக்கட்டுரை.

முதலில், தவறியது எது என்று தெளிதல் வேண்டும். நம் நாட்டிற் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியைக் கொண்டு நிகழ்வது. தாதியியல் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் வழங்கப்படும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படும். எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குரியது. வெட்டுப்புள்ளி என்பது யாரோ ஒருவர் முன்கூட்டி வகுத்த தகுதிக்கோடு அன்று. இருக்கின்ற இடங்களுள் இறுதியிடத்தைப் பெற்றவரின் புள்ளியே அது. ஆதலால் அஃது ஆண்டுக்கு ஆண்டு மாறும்; மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரு மாவட்டத்தில் உள்ளே விடும் புள்ளி இன்னொரு மாவட்டத்தில் வெளியே நிறுத்தும். இம்முறையை நான் இங்கே குறைகூற வரவில்லை. இடம் சிலவாகவும் வேண்டுவோர் பலராகவும் இருக்கும்போது எங்கேனும் ஒரு கோடு இடத்தான் வேண்டும். ஆனால் அக்கோடு வரிசையைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லாது. "உனக்கு இடமில்லை" என்பது ஒன்று; "நீ இதற்கு ஆகாய்" என்பது வேறொன்று. நம் வீடுகளில் முன்னதைப் பின்னதாக மொழிபெயர்த்து விடுகிறோம். நானும் அன்று அதனையே செய்தேன்.

இனி, தாதிமைக்குத் தகுதிதான் யாது? மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக அவர் வைத்தது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நிற்பவன் என்பது பொருள். மருத்துவனுக்கு ஏவலாளாக அன்றி, மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவனை எண்ணியமை காண்க. பரிமேலழகரோ அவனுக்கும் நான்கு இயல்புகள் கூறினார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவு. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரத்தில் அளக்கத்தக்கது இந்நான்கனுள் எது? ஒன்றே. ஏனை மூன்றையும் அளக்கும் கோல் எத்திணைக்களத்திடமும் இல்லை.

இதைக் கேட்டு, "அப்படியானால் அன்பிருந்தாற் போதுமே" என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டா. அறிவும் நான்கனுள் ஒன்று. மருந்தின் அளவைப் பிழையாகக் கணிக்கும் அன்பு நோயாளியைக் கொன்றுவிடும். ஆதலால் மீண்டும் தோற்றுதல் என்பது விதியோடு வழக்காடுதல் ஆகாது. குறைந்ததை நிறைத்தலே ஆகும். பழைய குறிப்பேட்டைப் பழைய முறையிலே மீண்டும் புரட்டுபவள் பழைய புள்ளியையே பெறுவாள். எந்தப் பாடம் சராசரியைக் கீழே இழுத்தது என்று முதலிற் காணல் வேண்டும். இரசாயனம் இழுத்திருந்தால் ஆண்டின் பெரும்பகுதியும் இரசாயனத்துக்கே உரியது. பல்கலைக்கழக அனுமதிக்காகத் தோற்றக்கூடியது மூன்று தரமே. ஆதலால் ஒவ்வொரு தரமும் விலைமதிப்புள்ளது. பட்டப்படிப்பு ஆங்கில மொழியில் நடப்பது; காத்திருக்கும் காலத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலத்துக்கு ஒதுக்கினால் அஃது எவ்வழியிற் சென்றாலும் வீண்போகாது. முதலுதவிப் பயிற்சி கிடைக்குமாயின் அதனையும் பெறலாம். தனக்கு இத்தொழில் உண்மையிலே ஒக்குமா என்பதையும் அங்கே அறிந்துகொள்ளலாம்.

தாதிமைக்கு முன்மாதிரி என்று நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் புளோரன்ஸ் நைற்றிங்கேலும் முதலில் மறுக்கப்பட்டவரே. 1845 இல் சோல்ஸ்பரி வைத்தியசாலையிற் பயிற்சி பெற அவர் விரும்பியபோது குடும்பத்தார் இடங்கொடுக்கவில்லை. அந்நாளிலே தாதிமை நற்குடிப் பெண்களுக்கு ஒவ்வாத தொழிலெனப்பட்டது. அவர் அழுதுகொண்டு மட்டும் இருந்தாரல்லர். வைத்தியசாலைகளைப் பற்றிய அறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்தார். 1851 இல் செர்மனியின் கைசர்ஸ்வேர்த்திலே ஏறக்குறைய மூன்று மாதம் பயின்றார். 1854 இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்றார். மறுப்புக்கும் பயிற்சிக்கும் இடையே ஆறு ஆண்டுகள். அவை வெறும் ஆண்டுகளாயிருந்திருப்பின் ஸ்கூட்டாரி இல்லை.

வேறு வாயிலும் உண்டு. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று தாதியாகப் பணிபுரிந்துகொண்டே, திறந்த பல்கலைக்கழகத்திற் பின்னர்ப் பட்டம் பெறுதலும் கூடும். முன்வாயில் அடைத்திருந்தால் பக்கவாயிலால் நுழைந்தாலும் உள்ளே இருப்பது அதே வீடுதான். கட்டிலிற் கிடக்கும் நோயாளி, தன் கையைப் பற்றியவள் எவ்வாயிலால் வந்தாள் என்று வினவுவதில்லை.

"ஓராண்டு வீணாகுமே, குமர்ப்பிள்ளை ஆயிற்றே, வீட்டில் வருவாய் இல்லையே" என்று பெற்றோர் கூறுவர். இவற்றுள் இறுதியானதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். தம்பி தங்கையர் பசித்திருக்க, தமக்கை உழைக்கப் போவதிற் குறைவு ஏதுமில்லை. ஆனால் அம்முடிவு கணக்குப் பார்த்து அவளே எடுத்த முடிவாதல் வேண்டும். ஊர்வாய்க்கு அஞ்சி எடுத்ததாயிருத்தல் கூடாது. நான் அன்று அவளைக் கணக்குப் பார்க்க விடவில்லை. ஒரு பழமொழிபோற் பேசி வாயை அடைத்துவிட்டேன். ஆசிரியர்க்கு வரும் நோய்களுள் இது கொடியது.

நம் மொழியிலே தரம் என்னும் சொல் தடவையையும் குறிக்கும், தகைமையையும் குறிக்கும். "அவள் இரண்டாந் தரம் எழுதுகிறாள்" என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் காதிலே இரண்டாவது பொருளும் சேர்ந்தே விழுகின்றது. சொல்லுபவரும் சிலவேளை அதனை அறிந்தே சொல்கின்றார். ஆசிரியராகிய நாம் அவ்விரு பொருளையும் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

இவ்வாண்டு வந்த பிள்ளையிடம், "எந்தப் பாடத்திற் குறைந்தது?" என்று கேட்டேன். "பௌதிகம், ஐயா" என்றாள். "அப்படியானால் முதலிற் பௌதிக ஆசிரியரிடம் போ, பிறகு தாயாரோடு இருந்து கணக்குப் பார், எழுதுவதா வேண்டாமா என்று அதன்பின் நீயே எனக்குச் சொல்" என்றேன். ஒரு கிழமை கழித்து வந்தாள். எழுதப் போகிறாள்.