மலாக்காவில் ஓர் அலைக் கலங்கரை

தமிழ்க் கழகம் என்றாலே கவிதை, பட்டிமன்றம், பொங்கல் விழா. இவை வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆனால் அறிவியல் தமிழ் வளர வேண்டும் என மேடைதோறும் முழங்கும் நாம், ஓர் அறிவியல் கருவியையாவது தமிழில் பேசிக்கொண்டே செய்து பார்த்திருக்கிறோமா? மலாக்காத் தோட்டப்புற மாணவர்களோடு சேர்ந்து ஓர் அலைக் கலங்கரையைச் செய்வோம் என்பதே என் கருத்து.

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் எந்தக் கப்பல் வருகிறது என்று பாராமல் ஒளி வீசுகிறது. அதுபோல, தன் அழைப்புக் குறியைக் குறித்த நேரத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும் அமெச்சூர் வானொலிக் கருவிதான் அலைக் கலங்கரை. அது எங்கெங்கே கேட்கிறது என்பதைக் கொண்டு, அயனி மண்டலம் அந்நேரத்தில் எத்திசைக்கு வழிவிடுகிறது என அறியலாம்.

அனைத்துலகக் கலங்கரைத் திட்டம் தேர்ந்த 18 இடங்களில் கொழும்பும் ஒன்று. அதன் குறி 4எஸ்7பி. 14.100 மெகாஹெர்ட்சில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 3 நிமிடத்துக்கு ஒருமுறை 10 வினாடி முறை வரும். மோர்ஸ் ஒலியில் குறியைச் சொல்லிவிட்டு, 100, 10, 1, 0.1 வாட் என நான்கு நீள் ஒலிகளை அனுப்பும். நான்காவதும் காதில் விழுந்தால் வழி நன்றாகத் திறந்திருக்கிறது! இதைக் கேட்டுத் தமிழில் குறித்து வைப்பதே முதல் பாடம்.

அடுத்தது, தேர்வெழுதி உரிமம் பெற்று, ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டு நாமே ஒன்றைச் செய்வது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ முறைக்குக் கால் வாட் ஆற்றலே போதும். 14 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கம்பியைப் பள்ளித் திடலில் இரு கம்பங்களுக்கிடையே கட்டிவிடலாம்.

செய்வதைவிடச் சோதிப்பதே கடினம். முதலில் வான்கம்பிக்குப் பதில் 50 ஓம் மின்தடையை இணைத்து ஆற்றலை அளக்க வேண்டும். வடிகட்டி தேவையற்ற அலைகளைத் தடுக்கிறதா எனப் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் வெப்பத்தில் அலைவெண் நகரும். விஸ்பருக்குரிய இடமோ 200 ஹெர்ட்ஸ் அகலமே. கடிகாரமும் பிசகக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். எவருக்கும் கேட்காத இரவையும் ஏட்டில் எழுத வேண்டும். இந்த நேர்மைதான் அறிவியல்.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்பீர்கள். கைத்தொலைபேசியை நாம் வாங்குகிறோம்; இதை நாமே செய்கிறோம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அத்தொழில் பரவியபோது நம் முன்னோர் பால்வெட்டும் கைகளாயினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் ஜாசினிலும் மெர்லிமாவிலும் கருவிகளை வாங்குவோராகவே நின்றுவிடலாமா?

முன்னாள் மாணவர்களே, பற்றவைக்கும் கோலும் அளவுமானியும் தாருங்கள். கழகத்தாரே, விடுமுறையில் இரண்டு சனிக்கிழமைகளைத் தோட்டப் பள்ளிகளுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் எழுதும் பதிவேட்டை அடுத்த மலரில் அச்சிடுவோம். அறிவியல் தமிழுக்கு அதுவே நாம் செய்யும் உருப்படியான தொண்டு.