தேற்றாங்கொட்டையும் திணிவு நிறமாலைமானியும்

கலங்கிய நீரை வார்க்குமுன் பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டால், சேறு அடியிலே படிய, நீர் மேலே தெளியும். அம்மரத்தின் பெயரைத் தாங்கி, வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான ஊர் தேற்றாத்தீவு. ஆயினும், மண் மாசு பற்றி இந்நாட்டில் நிகழும் வாதத்தில் கலக்குவோர் பலர், தெளிவிப்போர் சிலரே.

‘உழவன் பசளையைக் கொட்டி நிலத்தைக் கெடுத்தான்’ என்பர் ஒரு சாரார். ‘பாறையிலே இயல்பாக உள்ளதுதான்’ என்பர் மறுசாரார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கூறப்பட்ட காரணங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. எந்த நிலத்து உலோகம் எங்கிருந்து வந்தது என்று வினவாமலே தீவு முழுவதற்கும் ஒரே தீர்ப்பு வழங்கப்பட்டது. தண்டம் இறுத்தவன் உழவன்.

மண்ணில் ஈயம் எவ்வளவு என்று சொல்லும் ஆய்வு பாதி ஆய்வே. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சமதானிகள் சொல்லும். ஈயத்தின் நிலையான சமதானிகள் நான்கு: 204, 206, 207, 208. பின்னைய மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதாற் பெருகுவன, 204 பெருகாதது. ஆதலால் சுரங்கத்துக்குச் சுரங்கம் விகிதம் வேறுபடும். ஆத்திரேலியாவின் புறோக்கன் ஹில் ஈயத்தில் 206க்கும் 207க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.04, அமெரிக்காவின் மிசூரி ஈயத்திலோ 1.3க்கும் மேல். உருக்கினாலும் எரித்தாலும் இவ்வடையாளம் அழியாது. இலங்கையில் 2002 வரை விற்கப்பட்ட ஈயப் பெற்றோல், பழைய மின்கலம், வர்ணப்பூச்சு, வாவி வலையின் ஈயக்குண்டு ஆகியவற்றின் விகிதங்கள் வேறுபடுமாயின், மண்ணிற் சேர்ந்தது எதுவெனத் திணிவு நிறமாலைமானி பிரித்துக் காட்டும்.

‘இயற்கை’ என்னும் சொல்லும் குற்றவாளிக்குப் புகலிடமாகலாம். ஈயச் சமதானிகளைக் கொண்டு 1956இல் பூமியின் வயதை 455 கோடி ஆண்டு எனக் கணித்தவர் கிளெயர் பாற்றர்சன். மனிதச் சூழலிலுள்ள ஈயத்தின் பெரும்பகுதி மனிதனே பரப்பியது என்று 1965இல் அவர் எழுதியபோது, அது இயல்பானதே என்று வாதிட்டவர்கள் ஈயத் தொழிலைச் சார்ந்தோரே.

மூலங்கள் கலந்தால் விகிதமும் கலங்கும். கருவியோ விலைமிக்கது என்பர் சிலர். உண்மையே. அதனாலேயே ஒப்பிடுதற்குரிய மாதிரிகள் வேண்டும். நியூசிலாந்தின் வின்ச்மோர் பண்ணையில் மண்ணிற் தேங்கிய கட்மியத்தின் பெரும்பங்கு, முற்காலத்தில் நவுறுத் தீவின் பொசுபேற்றுப் பாறையிலிருந்து செய்த பசளையால் வந்தது என்று கட்மியச் சமதானிகள் காட்டின. பல்லாண்டு மண்ணும் பசளையும் அங்கே சேமித்து வைக்கப்பட்டிருந்ததாலன்றோ அது இயன்றது! அளவையைப் பிறநாட்டு ஆய்வுகூடத்திலும் செய்விக்கலாம். தொலைந்துபோன மண்ணை எந்நாட்டிலும் பெற இயலாது.

பிடி மண்ணை உலர்த்தி, திகதியும் இடமும் எழுதிப் போத்தலில் அடைத்து வைப்பதற்குப் பெருஞ்செலவில்லை. வந்தாறுமூலையிலும் பேராதனையிலும் உள்ளோர் இதனையேனும் செய்தல் கடன். அதுவும் செய்யாது தேற்றாத்தீவுத் தோட்டக்காரனைக் குற்றவாளியென்று கூறவும், குற்றமற்றவனென்று கூறவும் கற்றவர்க்கு உரிமையில்லை.