ஸ்டேசி மறைத்தது

தம்பி தங்கைகளே, ஆன் எம். மார்ட்டின் 1986இல் தொடங்கிய ‘தி பேபி-சிட்டர்ஸ் கிளப்’ கதைகளில் ஸ்டேசிக்கு முதல் வகை நீரிழிவு. முதலில் தோழிகளிடம் மறைக்கிறாள். அவளே சொல்லும் புத்தகத்தில் அந்தத் தனிமை நமக்கும் வலிக்கிறது. 2006இல் ரெய்னா டெல்கமையர் வரைந்த சித்திரக்கதையில் அதை அவள் முகத்திலேயே பார்க்கிறோம். 2020இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் இன்சுலின் பம்ப் அணிகிறாள். சிகிச்சை மாறியும் மறைக்கும் பயம் மாறவில்லை.

நம் வீடுகளிலும், “வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தடையாகும்” என்கிறோம். ஒரு நர்ஸாகக் கேட்கிறேன்: சர்க்கரை குறைந்து பிள்ளை நடுங்கும்போது உடனே ஜூஸ் கொடுக்க வேண்டும் என்று ஞாயிறு பள்ளி அக்காவுக்கு எப்படித் தெரியும்?

முதலில் புத்தகத்தைப் படியுங்கள். தொடரைப் பார்க்கும்போது அம்மா அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.