ஸ்பீக்கர் போச்சு, தாத்தா!

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி நிற்கிறது. இடுப்பு உயரம். புதிதாக வருகிறவர்கள் சின்ன பிரிட்ஜோ என்று நினைப்பார்கள். அது பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி. என் தம்பியுடையது. எழுபதுகளின் கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த தச்சர் ஒருவரிடம் பிளைவுட்டில் செய்யச் சொல்லி வாங்கினான். உள்ளே ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர், 8 ஓம். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, இங்கே காமராஜர் அரங்கம் என்று அந்தப் பெட்டி ஏறாத மேடை இல்லை. இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளை அதில் வாசித்து வாசித்துத்தான் கற்றுக்கொண்டான். தம்பி போய் 11 வருஷம் ஆகிறது. இப்போது என் பேரன் அதில் வாசிக்கிறான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ரிகர்சல் முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்: "ஸ்பீக்கர் போச்சு, தாத்தா."

எந்தச் சுரம் வாசித்தாலும் கூடவே 'கர்கர்' என்று ஒரு உரசல். மறுநாள் அவனும் அவன் சிநேகிதனும் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முன்பக்கத்துத் துணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது பழசு, பார்ட்ஸ் கிடைக்காது. 500 வாட்ஸ் புதுசு போட்டுடலாம், இனிமே கவலையே இல்லை" என்றாராம். 6,500 ரூபாய். பழைய ஸ்பீக்கரை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பேரன் அதைப் பால்கனியில் வைத்து, "காயலான் கடைக்காரர் வந்தா போட்டுடலாம் தாத்தா, காந்தம் நல்ல வெயிட்டு" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வயதானவன் எதையும் தூக்கிப்போட விடமாட்டான் என்ற பேர் எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தே வாரம். 500 வாட்ஸும் போய்விட்டது. அதே கர்கர்.

இங்கேதான் என் குமாஸ்தா புத்தி விழித்துக்கொண்டது. ஆபீசில் ஒரு விஷயம் இரண்டாம் முறை வந்தால், மேலதிகாரி ஓரத்தில் எழுதி அனுப்புவார்: "முன் தாள்களுடன் மறுபடி வைக்கவும்." முதல் தடவை என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பார்க்காமல் இரண்டாவது உத்தரவு போடக்கூடாது. நாங்கள் முன் தாளைப் பால்கனியில் வைத்துவிட்டுப் புது உத்தரவு போட்டிருக்கிறோம்!

இரண்டு ஸ்பீக்கரையும் இரண்டு பையில் எடுத்துக்கொண்டு, பேரனையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நான்காவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடை தூரம். அந்தக் காலத்தில் ரேடியோ வால்வு தேடிப் போன தெரு. இப்போது முன்பக்கமெல்லாம் சிசிடிவி கேமராவும் லேப்டாப்பும்தான். ஒரு சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே, ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம்.

அவர் முதலில் மீட்டரை வைத்தார். 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் நன்றாக இருந்தால் மீட்டரில் ஏறக்குறைய 6 காட்ட வேண்டும். எரிந்து அறுந்திருந்தால் ஒன்றும் காட்டாது. இரண்டுமே 6 காட்டின. அப்புறம் இரண்டு கையாலும் கோனை மெதுவாக அழுத்தினார். உள்ளே உரசுவது எனக்கே கேட்டது. பிளேடால் கோனை அறுத்து எடுத்துக் காயிலைக் காட்டினார். கறுக்கவில்லை, தீய்ந்த வாசனை இல்லை. ஆனால் காயில் சுற்றியிருக்கும் உருளையின் அடி விளிம்பு நசுங்கி மடிந்திருந்தது. புதியதையும் அறுத்துப் பார்த்தார். அதே இடத்தில் அதே காயம்.

"வாட்ஸ் தாங்காம போகலை சார். எகிறி எகிறி அடியில இடிச்சிருக்கு" என்றவர், பேரனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, உன் கிட்டாருக்கு எத்தனை கம்பி?"

"அஞ்சு."

"பெட்டி நாலு கம்பிக்குச் செஞ்சது."

அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லாமல்தான் எங்களுக்கு 6,500 ரூபாய் நஷ்டம்.

விஷயம் இதுதான். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவை அதிரும். ஐந்தாவது கம்பி அதற்கும் கீழே, 31 தடவை. தம்பியின் பெட்டியில் முன்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. அது அழகுக்கு வைத்ததல்ல. பெட்டி எந்தச் சுருதிக்கு அமைந்திருக்கிறதோ, அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் ஓட்டையிலுள்ள காற்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும், கோன் அதிகம் ஆட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுருதிக்குக் கீழே போனால் காற்று ஓட்டை வழியாகச் சும்மா போய் வரும். கோனைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஊஞ்சலைப் பிடிக்காமல் தள்ளிவிட்ட மாதிரி எகிறிப் போய் இடிக்கும். ஓட்டை வைத்த பெட்டியின் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-லேயே எழுதி வைத்தார். ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் அதை விரித்தார். இன்றும் ஸ்பீக்கர் கம்பெனிகள் அவர்கள் இருவர் பேரில்தான் அளவுகளைக் கொடுக்கின்றன.

வாட்ஸ் என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான எண். கோன் எவ்வளவு தூரம் ஆடலாம் என்பது வேறு எண். முதல் எண்ணைப் பெரிதாக்கி, இரண்டாவதைப் பார்க்காமலே விட்டால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். சத்தத்துக்கும் வாட்ஸை மட்டும் பார்க்கக்கூடாது. ஒரே வாட்ஸில் ஒரு ஸ்பீக்கர் 94 டெசிபெல்லும் இன்னொன்று 97-ம் கொடுத்தால், முதலாவதை இரண்டாவதுக்குச் சமமாக ஒலிக்கவைக்க இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும்.

பெரியவர் பழைய ஸ்பீக்கருக்கே புதுக் கோனும் காயிலும் போட்டார். 1,800 ரூபாய். காந்த இடுக்கில் ஒட்டும் டேப்பை விட்டு விட்டு இரும்புத் தூளை எடுத்தார். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றாக வெட்டி, காயில் நடுவில் நிற்க அண்டை கொடுத்தார். பசை காய ஒரு நாள். மறுநாள் கீற்றை உருவி, நடு மூடியை ஒட்டி, ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். ப்ளஸ்ஸைச் சிவப்பில் வைத்தால் கோன் முன்னால் வர வேண்டும். வந்தது.

கூடவே ஒரு புத்திமதியும். ஆம்ப்ளிபயருக்கு முன்னால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் ஹை-பாஸ் பில்டர் ஒன்று போடு, பேஸ் குமிழை முழுசாகத் திருப்பாதே. பேரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப அஞ்சாவது கம்பி கேக்காதே?" கேட்கும். 31-ன் மேல்சுரங்களான 62-ம் 93-ம் கேட்டாலே, அடிச்சுரம் இருப்பதாக நம் காது தானே எடுத்துக்கொள்ளும். வீட்டில் வாசித்துப் பார்த்தபின் அவனே ஒத்துக்கொண்டான்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் ஸ்பீக்கருக்கு 'ஓ-பார்லேர்' என்று பெயர், உரக்கப் பேசுகிறவன். அதே மொழியில் ரிப்பேருக்கு இரண்டு வார்த்தை உண்டு. 'தெபானே' என்றால் நின்றுபோனதை இப்போதைக்கு ஓடவைப்பது. 'ரெபாரே' என்றால் பழுதைச் சரிசெய்வது. முதல் கடையில் எங்களுக்கு நடந்தது தெபானே. படிக்கட்டுக்குக் கீழே நடந்தது ரெபாரே. நாம் இரண்டையும் 'ரிப்பேர்' என்றே சொல்லிப் பழகியதால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்றே தெரிவதில்லை. பிரான்சில் 2021-ல் செல்போன், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றில், எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று 10-க்கு மார்க் போட்டு ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளம் திறந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் "ஏன் போச்சு?" என்று கேட்கிற மனுஷன் இல்லாவிட்டால் பார்ட்ஸ் கிடைத்தும் என்ன பிரயோஜனம்?

எதையும் தூக்கிப்போடாதே என்று நான் சொல்லவரவில்லை. காந்தம் நகர்ந்திருந்தால், சட்டம் வளைந்திருந்தால், ரிப்பேர் வீண் செலவு. இந்தக் காலத்து நியோடிமியம் காந்த ஸ்பீக்கர்களை ஒரு கையால் தூக்கலாம். தம்பியின் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், லிப்ட் இல்லாத மண்டபத்தில் நாலு பேர். பேரன் சம்பாதித்து லேசான பெட்டி வாங்கினால் எனக்குச் சந்தோஷம்தான். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் ஏன் போனது என்று பார். பிறகு சரிசெய்ய முடியுமா என்று பார். வாங்குவது மூன்றாவது. நாம் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோன் மாற்றியபோது தம்பி வாசித்த காகிதம் போய்விட்டது. அதிர்ந்தது அதுதானே? மிச்சம் இருப்பது இரும்புச் சட்டமும் காந்தமும்தான். இனி இது அவன் ஸ்பீக்கரா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நான் கேட்காமலே பெரியவர் கிழிந்த கோனைத் தினத்தந்தித் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "வெச்சுக்குங்க சார், சில பேர் கேப்பாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் அவன் தாத்தாவின் பழைய பாட்டு ஒன்றை வாசித்தான். ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "தம்பி மாதிரியே சத்தமா வெக்கிறான் பாருங்க, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க!"

நான் சொல்லவில்லை.